விசில் ஊதுபவருக்கும் இதயம் உண்டு

ஞாயிறு காலையில் பிள்ளைகளின் உதைபந்தாட்டப் போட்டிக்குப் போகும் பெற்றோர் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். விசில் ஊதுபவர் பல தடவைகளில் பதினெட்டு வயதுகூடத் தாண்டாதவர் போலிருப்பார். வேலிக்கு வெளியே நின்று அவரைப் பார்த்துக் கத்துபவர்களுக்கோ அவருடைய தகப்பனின் வயதிருக்கும். எம்மவர்களும் இதில் சளைத்தவர்கள் அல்லர்.

2025 மார்ச்சில் எமது சிசிலியிலேயே, கத்தானியா பக்கமுள்ள ரிபோஸ்தோவில், 17 வயதுக்குட்பட்டோர் போட்டி ஒன்றின் இளம் நடுவர் தாக்கப்பட்டார். அதே ஆண்டில் இத்தாலிய அரசு நடுவர்களைத் தாக்குவோருக்கான தண்டனையைக் கடுமையாக்கியது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். கத்தல்களுக்கு நடுவே நிற்கும் அந்தப் பிள்ளையின் உடம்பில் என்ன நடக்கிறது?

ஒருவர் எம்மை ஏசினால் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, வாய் உலர்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது. ஓடிக்கொண்டிருக்கும் நடுவருக்கு இதயத்துடிப்பு ஏற்கெனவே உயர்ந்துதான் இருக்கும். அதற்கு மேல் கோபமும் ஏறினால் அவசர முடிவுதான் வரும். அதனால்தான் அனுபவமுள்ள நடுவர்கள் விசில் ஊதிய கையோடு அட்டையைத் தூக்குவதில்லை. நாலு எட்டு நடந்து, மூச்சை நீளமாக வெளியே விட்டு, வீரரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைப்பார்கள். தாழ்ந்த குரலில் இரண்டு வசனம், அவ்வளவுதான். 2024 ஐரோப்பியக் கிண்ணப் போட்டிகளில் அணித்தலைவர் மட்டுமே நடுவரிடம் விளக்கம் கேட்கலாம் என்று விதித்ததும் இந்த நெரிசலைக் குறைக்கத்தான். பயிற்றுவிப்பாளர்களுக்கும் 2019 முதல் அட்டை உண்டு.

அட்டை வந்த கதையே சுவையானது. 1966 உலகக்கிண்ணத்தில் இங்கிலாந்துடன் ஆடிய ஆர்ஜென்ரீனாவின் தலைவர் ரட்டினை ஜேர்மன் நடுவர் வெளியேறச் சொன்னார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. ரட்டின் மொழிபெயர்ப்பாளர் கேட்டு நின்றார். ஆட்டம் பல நிமிடங்கள் தடைப்பட்டது. பின்னர் கென் அஸ்டன் என்ற ஆங்கில நடுவர் வீதிச் சமிக்ஞை விளக்கைப் பார்த்து மஞ்சள், சிவப்பு அட்டைகளை யோசித்தார். 1970 முதல் அவை உலகக்கிண்ணத்தில் வந்தன. மொழி விளங்காத இடத்தில் குரல் தானாக உயரும் என்பது குவெஸ்தூரா வரிசையில் நின்ற எமக்குத் தெரியாததா?

எமக்கு நெருக்கமான கதை கிரிக்கெட்டில் இருக்கிறது. 1995 டிசெம்பரில் மெல்பேர்ணில் டரல் ஹெயர், முத்தையா முரளிதரன் பந்தை எறிகிறார் என்று ஏழு தடவை நோ-போல் கொடுத்தார். 1999 ஜனவரியில் அடிலெய்டில் இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தில் ரொஸ் எமேர்சனும் அதையே செய்தார். அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க விரலை நீட்டி வாதாடி, அணியை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்றார். அன்று எங்களுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. பிறகுதான் ஒரு செய்தி வெளிவந்தது. எமேர்சன் தன் வழமையான வேலையில், மன அழுத்தம் தொடர்பான நோய்க்காக மருத்துவ விடுப்பில் இருந்தபடியே அன்று நடுவராக நின்றிருக்கிறார். அந்தத் தொடரின் மிகுதி ஆட்டங்களிலிருந்து அவர் விலக்கப்பட்டார். முரளிக்கு அநியாயம் நடந்தது என்பதே இன்றும் என் எண்ணம். ஆனால் அப்படிப்பட்ட நிலையிலிருந்த ஒருவரை அந்த இடத்தில் நிற்க விட்டதும் சரியில்லை.

கத்துபவர்களின் உடம்பும் தப்புவதில்லை. 2006 உலகக்கிண்ணத்தின்போது மியூனிச் பகுதியில் நடந்த ஆய்வொன்று 2008 இல் வெளியானது. ஜேர்மனி ஆடிய நாட்களில் இதயம் தொடர்பான அவசர நோயாளர் தொகை 2.66 மடங்கானது. ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களுக்கே ஆபத்து அதிகம். இத்தனைக்கும் அவர்கள் வெறும் பார்வையாளர்கள்!

ஆகவே பிறஷர் உள்ளவர்கள் மைதானத்துக்கு வருமுன் அன்றைய மாத்திரையை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு இறுகினால், இடது கை கனத்தால், "ஆட்டம் முடியட்டும்" என்று பார்த்திராமல் 112 ஐ அழையுங்கள். கோபம் வந்தால் வேலியை விட்டு ஒரு சுற்று நடந்துவிட்டு வரலாம். அதற்குள் நடுவர் அடுத்த விசிலை ஊதியிருப்பார்.