உளுந்து எவ்வளவு போட்டோம்?

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகால் சிப்காட் தொழிற்பூங்காவில், 20 ஏக்கர் நிலத்தில் 13 அடுக்குமாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. கட்டடத்துக்கு 240 அறை, அறைக்கு ஆறு பெண்கள், ஆக மொத்தம் 18,720 கட்டில்கள். 706.50 கோடி ரூபாயில் கட்டிய இந்தக் குடியிருப்பை 2024 ஆகஸ்ட் 17 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார். ஃபாக்ஸ்கான் தலைவர் யங் லியு உடனிருந்தார். அந்த நிறுவனத்தின் ஐபோன் ஆலையில் வேலை செய்யும் பெண்களுக்காகவே இது கட்டப்பட்டது.

20 ஏக்கர் என்றால் 8,71,200 சதுர அடி. கட்டில் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தால், ஒரு பெண்ணின் பங்குக்கு வருவது ஏறத்தாழ 46½ சதுர அடி நிலம். இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டால்தான், அரசிடம் இருக்கும் நிலம் எப்படித் தொழிலாளியின் வீட்டு வாடகையைக் குறைக்கிறது, யாருக்கு அதிகம் குறைக்கிறது என்பது விளங்கும்.

இட்லிக்கு மாவு போடும் எந்த வீட்டிலும் இதன் இயக்கம் இருக்கிறது. நாலு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து. அளவில் அரிசிதான் பெரிது. ஆனால் விலை கூடியது உளுந்து, இட்லியைப் பூவாக எழுப்புவதும் உளுந்து. வீடு கட்டுவதில் அரிசி என்பது செங்கல், சிமென்ட், கம்பி, கூலி. உளுந்து என்பது நிலம். ஓட்டல்காரர் இட்லி விலையைக் குறைக்க வேண்டுமானால் அரிசியில் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது, அது ஊர் முழுக்க ஒரே விலைதான். அவர் வீட்டு நிலத்தில் விளைந்த உளுந்து மூட்டை இருந்தால் மட்டும் கதை மாறும். தொழிற்பூங்கா அமைக்கும் அரசு நிறுவனமான சிப்காட்டிடம் இருப்பது அந்த மூட்டை.

மூட்டையை அப்படியே ஊறப்போட்டுவிட முடியாது, முதலில் கல் பொறுக்க வேண்டும். 1971இல் தொடங்கப்பட்ட சிப்காட், விவசாயிகளிடமிருந்து கையகப்படுத்திய நிலத்தையும் அரசுப் புறம்போக்கையும் சேர்த்துத்தான் தொழிற்பூங்கா அமைக்கிறது. இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் எல்லாம் அப்படி உருவானவை. வரைபடத்தில் காலியாகத் தெரியும் இடம் எல்லாம் உபரி ஆகிவிடாது. ஏரி உள்வாய் இருக்கும், வரத்துக்கால் இருக்கும், மாடு மேய்ந்த மேய்க்கால் இருக்கும். ஒரகடம், படப்பை, மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் நீர்தான் அடையாற்றுக்குப் போகிறது. அதைத் தடுத்தால் என்ன ஆகும் என்பதை 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் அனுபவித்தன. தண்ணீர் வரும் வழியில் வீடு கட்டிக் கொடுத்துவிட்டு அதை மலிவு வாடகை என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். மழை வரும்போது அந்தக் குடும்பம் மொத்தமாகக் கட்டிவிடும் வாடகை அது. கல் பொறுக்கிய பின் மிஞ்சுவதுதான் உண்மையான உபரி: தொழிற்சாலைக்கு ஒதுக்கப்படாத மனை, ஒதுக்கியும் ஆண்டுக்கணக்கில் பயன்படாமல் திரும்பிய மனை, பூங்காவின் ஓரத்தில் ஒட்டிக்கிடக்கும் துண்டு நிலம்.

அடுத்தது, விற்பதா, வைத்துக்கொண்டு கொடுப்பதா என்ற கேள்வி. சிப்காட் தொழிற்சாலைகளுக்கே நிலத்தை விற்பதில்லை; 99 ஆண்டு குத்தகைக்குத்தான் விடுகிறது. வெளிநாடுகளில் நகரசபைகள் உபரி நிலத்தை விற்கும் வழக்கம் உண்டு. கலிஃபோர்னியாவில் 1968 முதலே உபரி நிலச் சட்டம் ஒன்று இருக்கிறது. உள்ளாட்சி அமைப்பு தனக்கு வேண்டாத நிலத்தைச் சந்தையில் விற்கும் முன், மலிவு வீடு கட்டுவோருக்கு முதலில் தெரிவிக்க வேண்டும். விருப்பம் சொல்ல அவர்களுக்கு 60 நாள், பிறகு பேரம் பேச 90 நாள். 2019இல் அந்தச் சட்டத்தை மேலும் இறுக்கினார்கள். விற்பனையாக இருந்தாலும் வரிசையில் முதல் ஆள் யார் என்பதைச் சட்டமே சொல்லிவிடுகிறது. நம் ஊருக்கு அதில் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த வரிசைதான். விற்பனை வேண்டாம். ஒருமுறை விற்ற நிலம் இன்னொரு தலைமுறைக்குத் திரும்பி வராது; ஒரகடம் சாலையில் இன்றைய விலைக்கு அதை மீண்டும் வாங்க எந்த அரசாலும் முடியாது.

இனி அரைக்கும் கட்டம். 706.50 கோடியை 18,720 கட்டிலுக்குப் பிரித்தால் ஒரு கட்டிலுக்குக் கட்டுமானச் செலவு சுமார் 3,77,000 ரூபாய். 9 சதவீத வட்டி என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். வட்டி மட்டுமே மாதம் 2,830 ரூபாய் ஆகிறது. இதில் மத்திய அரசின் மலிவு வாடகைக் குடியிருப்புத் திட்டம் கொஞ்சம் கை கொடுத்தது. 2020 பொதுமுடக்கத்தில் புலம்பெயர் தொழிலாளர்கள் நடந்தே ஊர் திரும்பியதை நாடு பார்த்தது. அந்த ஜூலையில் ஒப்புதல் பெற்ற திட்டம் இது. காலி நிலத்தில் கட்டி 25 ஆண்டு வாடகைக்கே விடுவோருக்கு, கட்டில் ஒன்றுக்கு 20,000 ரூபாய் மானியம் தந்தது. வல்லம் வடகாலுக்கு அது 37.44 கோடி. கட்டிலுக்கு மாதம் 150 ரூபாய் வட்டி மிச்சம். நல்லதுதான், ஆனால் சிறியது.

நிலம் எவ்வளவு மிச்சப்படுத்துகிறது? அங்கே சதுர அடி 2,000 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 46½ சதுர அடிக்கு 93,000 ரூபாய். அதே 9 சதவீதத்தில் மாதம் 700 ரூபாய். பல மாடி அடுக்கி, ஓர் அறையில் ஆறு பேரைப் படுக்கவைத்ததால், ஒவ்வொருவர் பங்குக்கும் உளுந்து அவ்வளவு கொஞ்சமாகத்தான் தேவைப்பட்டது. சந்தை விலைக்கே நிலம் வாங்கியிருந்தாலும் வாடகை 700 ரூபாய்தான் கூடியிருக்கும்.

இப்போது அதே நிலத்தில் ஒரு குடும்பத்துக்கான வீட்டை வைத்துப் பாருங்கள். 400 சதுர அடி வீடு, படிக்கட்டும் நடைவழியும் சேர்த்தால் 500 சதுர அடி. தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளில் உயரம் குறைந்த கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ. 2, அதாவது மனையின் பரப்பில் இரண்டு மடங்கு கட்டலாம். ஆக ஒரு வீட்டுக்கு 250 சதுர அடி நிலம், 5 லட்சம் ரூபாய், மாத வட்டி 3,750 ரூபாய். வீட்டில் நாலு பேர் இருப்பார்கள், சம்பளம் வாங்குவது ஒருவரோ இருவரோ. கட்டிலுக்கு 700 ரூபாய் மிச்சப்படுத்தும் அதே அரசு நிலம், குடும்பத்துக்கு 3,750 ரூபாய் மிச்சப்படுத்துகிறது. ஆனால் கட்டிலுக்குத்தான் இதுவரை நிலம் போயிருக்கிறது. எங்கே உளுந்து அதிகம் தேவையோ அங்கே நம் மூட்டையைத் திறக்கவில்லை.

எதிர்க்கணக்கும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. அதே 20 ஏக்கரில் இப்படிப்பட்ட வீடுகள் 3,400 சொச்சம்தான் வரும். சாலைக்கும் திறந்தவெளிக்கும் கழித்தால் இன்னும் குறையும். 18,720 என்ற எண்ணின் பக்கத்தில் அது சிறிதாகத் தெரியும். அந்தக் கட்டில்கள் அவசரத் தேவைக்கு வந்தவை என்பதையும் மறக்க முடியாது. 2021 டிசம்பரில் பூந்தமல்லி பக்கம் ஃபாக்ஸ்கான் பெண்கள் தங்கிய ஒரு விடுதியில் உணவு நஞ்சாகி, 150க்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் என்ன ஆனார்கள் என்றே தெரியாத நிலையில் மற்றவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டு அடுத்த மாதம்தான் திறந்தது. விடுதி நிலைமை தரத்துக்குக் குறைவாக இருந்ததை ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. அந்தப் பெண்கள் சாலையில் உட்கார்ந்திராவிட்டால் இந்த 13 கட்டடங்கள் இத்தனை வேகத்தில் எழுந்திருக்குமா என்பது சந்தேகம். கட்டில்கள் வேண்டியவைதான். ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது என்பதே என் வாதம்.

ஏனென்றால் இட்லித் தட்டில் குழி எந்த அளவோ அந்த அளவில்தான் இட்லி வரும். ஆறு கட்டில் போட்ட அறைக்குள் மணமாகாத இளம்பெண் வரலாம். கைக்குழந்தையோடு இருப்பவர் வர முடியாது. 2024 ஜூனில், ஸ்ரீபெரும்புதூர் ஆலையின் ஐபோன் வேலையிலிருந்து மணமான பெண்கள் ஒதுக்கப்படுவதாக ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. ஃபாக்ஸ்கான் அதை மறுத்தது; ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாட்டு அரசிடம் அறிக்கை கேட்டது. வேலைக்கு எடுப்பது எப்படி நடக்கிறது என்ற அந்த விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். தங்குமிடத்தைக் கட்டில் கட்டிலாக மட்டுமே கட்டினால், கல்யாணமான பின் ஒரு பெண் இந்தத் தொழிற்பட்டையில் வேலையைத் தொடர்வதற்கு இடமே இல்லாமல் போகிறது. வந்தவாசி, செய்யாறு, அரக்கோணம் என்று கம்பெனி பஸ்ஸில் தினமும் போய்வர வேண்டும், இல்லையென்றால் ஒரகடம் பக்கத்து மாத்தூரிலோ பண்ருட்டியிலோ லைன் வீட்டுக்கு அட்வான்ஸ் தேட வேண்டும். ஆண்களுக்கும் இதே கதி. ஒரே ரூமில் ஷிப்ட் மாற்றிப் படுப்பவர்களின் மனைவி மக்கள் ஊரில் இருக்கிறார்கள்.

அதே மாவில் தோசையும் வார்க்கலாம். நம் நாடு முன்பு வார்த்தது. 1952இல் வந்த தொழிலாளர் வீட்டு மானியத் திட்டம் ஆலைத் தொழிலாளியின் குடும்பத்துக்கென்றே சிறு வீடுகளைக் கட்டியது. பெரம்பூர் ஐ.சி.எஃப்., நெய்வேலி, திருச்சி பெல் நிறுவனத்தின் கைலாசபுரம் ஆகிய இடங்களில் தொழிலாளியின் பிள்ளை படிக்கப் பள்ளிக்கூடத்தோடு சேர்த்துத்தான் குடியிருப்பு எழுந்தது. 2024 ஜூலை மத்திய நிதிநிலை அறிக்கையோ, தொழிலாளர்களுக்கு அரசும் தனியாரும் சேர்ந்து கட்டும் வாடகை வீட்டைப் பற்றிப் பேசும்போது விடுதிவகைத் தங்குமிடம் என்றே சொல்கிறது. குழியின் அளவை இப்படித் தலைநகரிலேயே தீர்மானித்துவிடுகிறார்கள்.

புளிக்கவைப்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மாவைச் சீக்கிரம் ஊற்றினால் இட்லி கல்லாகும், காலம் கடத்தினால் புளித்துப்போகும். கடன் முழுவதையும் எடுத்து, கட்டடத்தையும் முடித்து, குடிநீர் இணைப்புக்கோ தீயணைப்புச் சான்றுக்கோ காத்து ஓராண்டு பூட்டிக் கிடந்தால், கட்டிலுக்கு 34,000 ரூபாய் வட்டி வீண். 20,000 ரூபாய் மானியம் கரைந்து அதற்கு மேலும் போய்விடுகிறது. ஆகவே நிலத்தை ஒதுக்கும் அன்றே தண்ணீர்க் குழாய், கழிவுநீர், பஸ் நிறுத்தம் மூன்றுக்கும் தேதி எழுதி வாங்க வேண்டும்.

கடைசியாக உப்பு. இதில்தான் நான் பிடிவாதமாக இருப்பேன். உப்பை மாவில் கரைத்து வைக்க வேண்டும். வெந்த இட்லி மேல் எவ்வளவு தூவினாலும் உள்ளே போகாது. குத்தகைப் பத்திரத்தின் நிபந்தனைகள் அப்படிப்பட்டவை. மத்தியத் திட்டத்தில் வாடகையை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 8 சதவீதம் உயர்த்தலாம் என்ற வரம்பு ஆரம்பத்திலேயே இருக்கிறது. அது நல்ல உப்பு. கவனிக்கப்படாமல் போவது வேறொன்று: வீடு வேலையோடு பிணைக்கப்பட்டிருப்பது. வேலை கொடுத்தவரே தங்குமிடத்தையும் நடத்தினால், சாப்பாடு சரியில்லை என்று வாய்திறக்கும் பெண்ணுக்கு ஒரே நாளில் வேலையும் போகலாம், படுக்கையும் போகலாம். அறையின் ஒப்பந்தம் தங்குபவரின் பெயரில் இருக்க வேண்டும். வேலை நின்ற பின்னும் சில மாதம் வாடகை கட்டித் தங்கும் உரிமை வேண்டும். எந்தக் கம்பெனியின் தொழிலாளியும், கான்ட்ராக்ட் தொழிலாளியும் விண்ணப்பிக்கலாம் என்று எழுதியிருக்க வேண்டும்.

ஒரே கம்பெனியை நம்பிக் கட்டுவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கட்டடத்தின் ஆயுள் ஒரு கணக்கு, ஆலையின் ஆயுள் வேறு கணக்கு. இதே ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா கைபேசி ஆலை 2014இல் மூடப்பட்டது. எட்டு ஆண்டு. மத்தியத் திட்டம் கேட்ட வாடகைக் காலம் 25 ஆண்டு. ஹூண்டாய், ரெனோ, டைம்லர், ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர்ஸ், சாம்சங் என்று இத்தனை ஆலைகள் இருக்கும் பட்டையில், கதவு எல்லாருக்கும் திறந்திருந்தால் ஓர் ஆலை சோர்ந்தாலும் இன்னோர் ஆலையின் ஆட்கள் அந்த வீடுகளை நிரப்புவார்கள், வங்கிக் கடனும் அடையும்.

இவ்வளவையும் முடிவு செய்யும் இடம் புதிய தொழிற்பூங்காவின் மனைப்பிரிவு வரைபடம். ஆலைக்கு எத்தனை ஏக்கர், சாலைக்கு எத்தனை என்று கோடு போடும் அதே நாளில், குடும்பங்களுக்கான வீட்டு நிலத்துக்கும் சர்வே எண்ணோடு ஒரு கட்டம் ஒதுக்க வேண்டும். பூங்காவின் ஒதுக்குப்புறத்தில் தள்ளாமல், பஸ் வரும் சாலையிலிருந்தும் பள்ளிக்கூடத்திலிருந்தும் நடந்து போகும் தூரத்தில் அது இருக்க வேண்டும். நிலம் கொடுத்த ஊர்களின் பிள்ளைகளுக்கும் அங்கே வாடகை வீடு கிடைக்க வேண்டும். அந்தக் கட்டத்தைப் பிறகு ஆலைக்கு மாற்ற முடியாது என்பதை வரைபடத்திலேயே குறித்துவிட வேண்டும்.