எத்தனை குதிரை வேண்டும்?

துறைமுகத்தாலும் உப்பளங்களாலும் முத்துக்குளிப்பாலும் பெயர் பெற்ற தூத்துக்குடிக்கு இப்போது புதிதாக ஒரு பெயர் சேர்ந்திருக்கிறது. 1906-ம் வருஷம் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்த அதே ஊரில், 2025 ஆகஸ்டு 4-ந் தேதி மின்சார மோட்டார் வண்டித் தொழிற்சாலை ஒன்று திறக்கப்பட்டது. வியட்நாம் தேசத்து வின்பாஸ்ட் கம்பெனியார் சிப்காட் தொழிற்பேட்டையில் சுமார் 400 ஏக்கர் நிலத்தில் அமைத்தது அது. முதற் கட்டத்தில் வருஷத்திற்கு 50,000 வண்டிகள் செய்வது என்பது திட்டம். பாகங்கள் கடல் கடந்து வந்து இங்கே பூட்டப்படும் முறையில் வேலை ஆரம்பமானதால், இதை முழுச் சுதேசிச் சரக்கு என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. ஆயினும் பூட்டுகிற கைகளில் நம் ஜில்லாப் பிள்ளைகளின் கைகளும் இருக்கின்றன என்பதில் நமக்குச் சந்தோஷமே.

நம்முடைய நண்பரான தமிழாசிரியர் ஒருவர், வாங்கினால் நம் ஊர் வண்டிதான் என்று தீர்மானம் செய்துவிட்டார். வி.எப். 6 என்பது வண்டியின் பெயர். ஆனால் தீர்மானம் அத்துடன் முடியவில்லை. அந்த வண்டியில் 174 குதிரைச் சக்தி உள்ளது ஒன்று. 201 குதிரைச் சக்தி உள்ளது ஒன்று. 2025 செப்டம்பர் 6-ந் தேதி விற்பனைக்கு வந்தபோது முன்னதன் விலை ரூ. 16.49 லட்சம். பின்னதன் விலை ரூ. 17.79 லட்சத்தில் தொடங்கியது. இடையே நிற்பது ரூ. 1,30,000.

“வாங்குவதுதான் வாங்குகிறோம், பெரியதாகவே இருந்துவிட்டுப் போகட்டுமே, ஸார்!” என்றார் நண்பர்.

அவருடைய மனைவியார் காப்பியை வைத்துவிட்டு, “அண்ணாச்சி, அந்தப் பணம் பெண்ணின் காலேஜ் செலவுக்கென்று ஒதுக்கி வைத்தது. அதிகப்படியாக வருகிற இருபத்தேழு குதிரையும் நமக்கு என்ன வேலை செய்யும் என்று நீங்களே கணக்குப் பார்த்துச் சொல்லுங்கள்” என்றார்.

கணக்கு என்று சொன்ன பிறகு பள்ளிக்கூடத்து வாத்தியார் சும்மா இருக்க முடியுமா? காகிதமும் பேனாவும் எடுத்தோம்.

ஆட்களும் மூட்டைகளும் சேர்ந்து இரண்டு டன் எடையுள்ள வண்டி என்று வைத்துக்கொள்வோம். சமமான சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அது ஓடிக்கொண்டிருக்க இருபது குதிரைச் சக்தி கூட முழுதாகச் செலவாவதில்லை. திருநெல்வேலிக்கும் மதுரைக்கும் போகிற சாலைகளில் நாம் செய்கிற காரியம் இவ்வளவுதான். கொடைக்கானல் மலைப் பாதையில், நூறு அடிக்கு ஆறடி ஏறும் சரிவில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினாலும் முப்பது குதிரைக்குள் அடங்கிவிடும். அம்பாஸடர் வண்டியின் 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சினுக்குச் சக்தி ஐம்பது குதிரையை ஒட்டியதுதான். தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தை வரை ஏற்றிக்கொண்டு அது மலை ஏறியதை நம்மில் பலர் நேரில் கண்டிருக்கிறோம்.

அப்படியானால் அதிகச் சக்தி எங்கே பயன்படும்? முன்னே போகிற லாரியைத் தாண்டும்போது பயன்படும். 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 100-ஐ எட்டுவதற்கு, காற்றின் தடையை நீக்கிவிட்டு, முழுச் சக்தியும் கிடைப்பதாகக் கணக்கிட்டால், 174 குதிரைக்கு 3.8 வினாடி ஆகிறது. 201 குதிரைக்கு 3.3 வினாடி. வித்தியாசம் அரை வினாடி. உப்பு லாரிகளும் கன்டெய்னர் லாரிகளும் நெருங்கிச் செல்லும் நம் சாலைகளில், அரை வினாடியை நம்பி ஒருவர் முந்துவாரானால், அவர் முந்தாமல் இருப்பதே குடும்பத்திற்கு க்ஷேமம். மேலும், 60-ல் ஓடும் வண்டியை நிறுத்துவதைவிட 100-ல் ஓடும் வண்டியை நிறுத்தப் பிரேக்குக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு வேலை. அந்த வேலையில் இருபத்தேழு குதிரைகளும் ஒத்தாசைக்கு வரமாட்டா.

பிரயாண தூரமாவது கூடுமா என்று பார்த்தோம். வி.எப். 6-ன் இரு வகைகளுக்கும் பாட்டரி ஒன்றே, 59.6 யூனிட். ஒரு முறை மின்சாரம் ஏற்றினால் சோதனைக் கணக்குப்படி சிறியது 468 கிலோமீட்டர், பெரியது 463 கிலோமீட்டர். நம் வெயிலில், குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு ஓட்டுகிறவர்கள் அதில் மூன்றில் இரண்டு பங்கையே நம்புவது புத்திசாலித்தனம்.

இதிலிருந்து, பெரியது எப்போதும் வீண் என்று நேயர்கள் முடிவு கட்டிவிடக் கூடாது. அதே தொழிற்சாலையின் வி.எப். 7 வண்டியைப் பாருங்கள். அதில் 174 குதிரை வகைக்கு 59.6 யூனிட் பாட்டரி. சோதனைத் தூரம் 438 கிலோமீட்டர். 201 குதிரை வகைக்கோ 70.8 யூனிட் பாட்டரி. தூரம் 532 கிலோமீட்டர். மாதம் இருமுறை சென்னைக்குப் போய் வருகிற வியாபாரி இங்கே அதிகப் பணம் கொடுப்பதில் நியாயம் உண்டு. அவர் வாங்குவது குதிரையை அல்ல, தூரத்தை. அதற்கும் மேலே இரண்டு மோட்டார்களுடன் 350 குதிரை வகை ஒன்றும் உண்டு. பாட்டரி அதே 70.8 யூனிட்தான்; தூரம் 510-ஆகக் குறைந்துவிடுகிறது! ஆகையால் கடைக்காரர் குதிரைகளை எண்ணிக் காட்டும்போது, பாட்டரி எத்தனை யூனிட் என்று கேளுங்கள். விலை வித்தியாசத்தில் இருக்கை, கண்ணாடி முதலிய சௌகரியங்களுக்கு எவ்வளவு, உயிர்காக்கும் சாதனங்களுக்கு எவ்வளவு என்றும் பிரித்துக் கேளுங்கள். உயிர்காக்கும் சாதனத்திற்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது.

இது தோணி ஓட்டிய ஊர். ஏற்றும் சரக்கையும் தோணியின் உடலையும் பார்த்துத்தான் பாய் கட்டினார்கள்; அடுத்த தோணிக்காரன் பாயைப் பார்த்து அல்ல. விரலுக்குத் தக்க வீக்கம் என்பது மோட்டார் வண்டிக்கும் பொருந்தும்.

கணக்கெழுதிய காகிதத்தை நண்பரிடம் கொடுத்தோம். இரண்டு முறை படித்தார். “அரை வினாடிக்கு ஒரு லட்சத்து முப்பதாயிரமா?” என்று கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு காகிதத்தை மடித்து மனைவியாரிடம் நீட்டினார். அந்த அம்மாள் அதை அலமாரியில், பெண்ணின் காலேஜ் விண்ணப்பத்துடன் சேர்த்து வைத்தார்.