ஒற்றை இருக்கையில் ஆசிரியருக்கு எங்கே இடம்?

கார் ஓட்டக் கற்கும்போது பயிற்றுநர் பக்கத்தில் அமர்ந்திருப்பார். எஃப்-35ஏ போர் விமானத்தில் அதற்கு வழியில்லை. அதில் இருப்பது ஒரே ஓர் இருக்கைதான். சிமுலேட்டரில் பலமுறை பழகிய பிறகு, முதன்முறை வானேறும்போதே மாணவர் தனியாகத்தான் ஓட்ட வேண்டும். ஆசிரியர் இன்னொரு விமானத்தில் உடன் பறந்து, வானொலிவழி வழிகாட்டுவார்.

இத்தகைய பொறுப்பை ஏற்பவர்களில் பகுதிநேர வீரர்களும் உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள லூக் ஆகாயப்படைத் தளத்தில் 1987ல் தொடங்கப்பட்ட ரிசர்வ் படைப்பிரிவு, இன்று 944வது போர் விமானப் பிரிவு என அழைக்கப்படுகிறது. போர் விமானிகளைப் பயிற்றுவிப்பது அதன் முக்கியப் பணி.

ரிசர்வ் வீரர்கள் ஏன் தேவை? முழுநேர விமானிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடம் மாறுவர். பலர் படையைவிட்டு, பயணிகள் விமானம் ஓட்டச் செல்வர். பெரும் பொருட்செலவில் உருவான அனுபவமும் அவர்களோடு போய்விடும். ரிசர்வில் சேர்ந்தால், வேலையையும் பார்த்துக்கொண்டு ஒரே தளத்தில் பல ஆண்டுகள் கற்றுத்தரலாம்.

லூக் தளம் நமக்கும் புதிதல்ல. வான்வெளி குறுகிய சிங்கப்பூர், தன் எஃப்-16 விமானிகளுக்கு அங்கே பயிற்சி அளித்துள்ளது.

தொழில் மாறினாலும் கற்ற திறன் வீணாக வேண்டியதில்லை. அடுத்து வருபவருக்கு அதைக் கற்றுத்தருவதும் சேவையே.