ஏஐ படிக்கும் கையேட்டில் என்ன எழுத வேண்டும்?

பொருளியலாளர்கள் கார்மென் ரெய்ன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும் 2010இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வளர்ந்த நாடு ஒன்றின் அரசுக் கடன் மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சராசரியாக மைனஸ் 0.1 சதவீதமாகச் சரியும் என்றது அது. அரசுச் செலவை வெட்ட வேண்டும் என்று வாதிட்டவர்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதை மேற்கோள் காட்டினார்கள். 2013இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் தாமஸ் ஹெர்ண்டன் மூல எக்செல் கோப்பைப் பெற்றுப் பார்த்தபோது, சராசரி காணும் ஃபார்முலா 49ஆம் வரிசை வரை போகாமல் 44இலேயே நின்றிருந்தது. ஆஸ்திரேலியா முதல் டென்மார்க் வரை ஐந்து நாடுகள் கணக்கில் சேரவில்லை. விடுபட்ட ஆண்டுகள், நாடுகளுக்குத் தந்த எடை முதலிய வேறு குறைகளையும் சேர்த்துத் திருத்தியதும் அந்த எண் 2.2 ஆனது. ஃபார்முலா பிழையின் பங்கு இந்த வித்தியாசத்தில் சிறியதுதான். ஆனால் அந்த செல்லில் பிழைக்குறி எதுவும் இல்லை, நம்பத்தகுந்த ஓர் எண் இருந்தது. எக்செல் பிழைகளில் ஆபத்தானவை இப்படித்தான் வருகின்றன.

இந்த ஃபார்முலாக்களை எழுதும் வேலை இப்போது ஏஐ ஏஜென்ட்டுகளிடம் போய்க்கொண்டிருக்கிறது. ஏஜென்ட்டுக்குள் இருக்கும் மொழி மாதிரி கோப்பை நேரடியாகத் தொடுவதில்லை. ‘இந்த செல்லில் இந்த ஃபார்முலாவை எழுது’ என்று ஒரு கருவியிடம் சொல்கிறது, கருவிதான் எழுதுகிறது. ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்சிபி நெறிமுறை போன்றவற்றில், ஒரு கருவி மாதிரிக்கு அறிமுகமாவது அதன் பெயர், விளக்க உரை, உள்ளீடுகளின் பட்டியல் வழியாகத்தான். கருவியின் நிரல் அதன் கண்ணில் படாது. ஆகவே மாதிரி படிக்கும் கையேடான இந்த விளக்க உரையை, வேலையெல்லாம் முடிந்த பிறகு கடைசியில் ஒட்டிவிடும் குறிப்பாக நினைக்கக் கூடாது. மாதிரியைப் பொறுத்தவரை அதுதான் கருவி.

அதில் என்ன எழுதுவது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். எக்செல்லின் சம் கூட்டும், ஆவரேஜ் சராசரி காணும் என்று அடுக்குவது வீண். மாதிரிக்கு அவை தெரியும். அதற்குத் தெரியாதது இந்தக் குறிப்பிட்ட கருவியின் நடத்தை. கூகுள் ஷீட்ஸின் ஏபிஐயில் மதிப்பை எழுத ‘ரா’, ‘யூசர் என்டர்டு’ என இரு வழிகள் உண்டு. முதலாவதைத் தேர்ந்தால் சமக்குறியோடு தொடங்கும் ஃபார்முலா கணக்கிடப்படாமல் வெறும் எழுத்தாகவே செல்லில் கிடக்கும். பைதான் நிரல்மொழியில் பரவலாகப் பயன்படும் ஓபன்பைஎக்செல் நூலகம் ஃபார்முலாவை எழுதி வைக்கும், கணக்கிடாது. எழுதிச் சேமித்த உடனே அதே நூலகத்தைக் கொண்டு விடையைக் கேட்டால் ஒன்றுமே வராது. மதிப்புகளை மட்டும் படிக்கும் முறையில் திறந்த கோப்பைத் தெரியாமல் சேமித்துவிட்டாலோ ஃபார்முலாக்கள் அழிந்து எண்கள் மட்டும் மிஞ்சும். இவற்றைச் சொல்லாத கையேட்டை நம்பிய ஏஜென்ட், வேலை முடிந்தது என்று அறிவித்துவிட்டுப் போய்விடும்.

இவற்றைவிட நுட்பமானது இன்னொரு வகைத் தவறு. எக்செல்லில் மைனஸ் இரண்டின் வர்க்கத்தை அடைப்புக்குறி இல்லாமல் எழுதினால் விடை 4; பைதானில் அதுவே மைனஸ் 4. இரண்டு மொழிகளையும் கற்ற மாதிரி ஒன்றின் பழக்கத்தில் மற்றொன்றை எழுதிவிடலாம். பட்டியலில் மதிப்பைத் தேடும் விலுக்அப்பில் நான்காவது உள்ளீட்டை விட்டுவிட்டால் அது தோராயப் பொருத்தத்தைத் தேடும். சம்பளப் பட்டியல் வரிசைப்படுத்தப்படாமல் இருந்தால் வேறொருவரின் சம்பளம் வந்து நிற்கலாம். எழுத்தாகச் சேமிக்கப்பட்ட எண்களை சம் கண்டுகொள்ளாமல் தாண்டிவிடும், அதே செல்களைக் கூட்டல் குறியால் சேர்த்தால் எண்ணாக மாற்றிக் கூட்டும். இவை எதுவும் பிழைச் செய்தி தருவதில்லை. பிழைச் செய்தி வந்தால் ஏஜென்ட் தானே திருத்திக்கொள்ள வாய்ப்புண்டு. வராத இடத்தில்தான் கையேடு பேச வேண்டும்.

கையேட்டை நீட்டுவதற்குப் பதில் கருவியையே சரிசெய்யலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆந்த்ரோபிக் பொறியாளர்கள் 2024 டிசம்பரில் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்கு நல்ல சான்று இருக்கிறது: கோப்பின் சார்புப் பாதையைத் தரும்போது மாதிரி தடுமாறியது, முழுப் பாதை கட்டாயம் என்று கருவியை மாற்றியதும் தடுமாற்றம் நின்றது. ‘ரா’ வழியை அடைத்துவிடுவது அப்படிப்பட்ட திருத்தம். செய்தே ஆக வேண்டும். ஆனால் எக்செல்லின் இயல்பைக் கருவி எழுதுபவர் மாற்ற முடியாது. 1900ஆம் ஆண்டு லீப் ஆண்டு அல்ல. பழைய விரிதாள் மென்பொருளான லோட்டஸ் 1-2-3உடன் ஒத்துப்போவதற்காக எக்செல் இன்றும் அந்த ஆண்டில் பிப்ரவரி 29 இருந்ததாகவே கணக்கிடுகிறது. அத்தகைய மிச்சங்களுக்கு எச்சரிக்கை ஒன்றுதான் வழி.

மாதிரிகள் மேம்பட்டால் கையேடே தேவைப்படாது என்பார்கள் சிலர். அவை கற்பது பொதுவெளியில் எழுதப்பட்டவற்றிலிருந்து. போன மாதம் ஓர் அலுவலகம் தனக்காகச் செய்துகொண்ட கருவி அதில் இருக்காது. ஜெர்மன் எக்செல்லில் சம் என்பது சும்மே, உள்ளீடுகளைப் பிரிப்பது அரைப்புள்ளி. ஆங்கில வடிவம், ஜெர்மன் வடிவம் இரண்டில் கருவி எதை எதிர்பார்க்கிறது என்பதை எவ்வளவு கெட்டிக்கார மாதிரியும் ஊகிக்கத்தான் வேண்டும். நீளம் பற்றிய கவலை வேறு, அது உண்மையானது. விளக்க உரை வழக்கமாக ஒவ்வொரு அழைப்போடும் மாதிரிக்குப் போகிறது, செலவாகிறது, கவனத்தைத் தின்கிறது. அதனால்தான் தெரிந்ததை வெட்டச் சொல்கிறேன். ஏஜென்ட்டை உண்மையான கோப்புகளில் ஓடவிட்டு, அது எங்கே சத்தமில்லாமல் தவறுகிறது என்று பார்த்து, அந்த இடத்துக்கு மட்டும் ஒரு வரி சேர்க்க வேண்டும். சேர்த்த வரியால் தவறு குறையவில்லை என்றால் அதையும் எடுத்துவிட வேண்டும்.

கருவி திருப்பித் தரும் பதிலும் கையேட்டின் பகுதியே. ‘எழுதப்பட்டது’ என்ற ஒற்றைச் சொல் போதாது. கணக்கிட்ட விடை என்ன, எந்த செல்லிலிருந்து எந்த செல் வரை எடுத்தது, அதில் எத்தனை எண், எத்தனை எழுத்து, எத்தனை காலி என்பதைத் தர வேண்டும். ஏஜென்ட் அதைப் பயனரிடம் சொல்லியாக வேண்டும் என்று விளக்க உரை கட்டளையிட வேண்டும். இன்று பல செயலிகளில் அந்த உரை பயனருக்குக் காட்டப்படுவதில்லை. கையெழுத்துப் போடும் கணக்காளர் விரும்பினால் அதைத் திறந்து படிக்க முடிய வேண்டும், எந்தத் தேதியில் எந்த வரி மாறியது என்பது உட்பட.