யட்டியாந்தோட்டையும் பறிபோன வாக்கும்

தேயிலையையும் இறப்பரையும் கொழும்புக்கு ஏற்றவே, 1903இல் களனிவெளி ரயில் பாதை கேகாலை மாவட்டத்து யட்டியாந்தோட்டையை எட்டியது. போர்க்காலத்தில், 1942இல், அத்தண்டவாளம் கழற்றப்பட்டது. தோட்டங்களுக்கோ அதனினும் பேரிழப்பு காத்திருந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தமிழர், முஸ்லிம்களுள் மிகப் பலரை நாடற்றவர்களாக்கியது. மறு ஆண்டே வாக்குரிமையும் பறிபோயிற்று. அச்சட்டத்தைப் பாராளுமன்றத்தில் எதிர்த்தவர்களுள் ஒருவர், அப்போது ருவன்வெல்ல உறுப்பினராயிருந்த கலாநிதி என்.எம்.பெரேரா. 1960இல் அவர் யட்டியாந்தோட்டையின் உறுப்பினரானார். தோட்ட மக்களுள் பெரும்பாலோருக்கு அத்தேர்தலில் வாக்கில்லை. 1964 ஜூனில் அவர் நிதியமைச்சர். அதே ஆண்டு ஒக்டோபரில், அவர் அங்கம் வகித்த அரசாங்கமே 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பும் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டது. தொழிலாளர் கட்சியொன்று ஆட்சியில் பங்கேற்றிருந்தும், தொழிலாளரைக் கேளாமலே நடந்த காரியம் இது. எஞ்சியோருள் ஒரு பகுதியினர் 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருந்தனர்.