முகத்துக்குக் கதவு உண்டா?

கல்யாண வீட்டுக்குப் புறப்படுகிற நேரம். வெளிச்சம் நன்றாக இருக்கிறதே என்று கண்ணாடியை ஜன்னலோரம் கொண்டு போய்ப் பார்க்கிறாள் ஒரு பெண். மூக்கின் மேலும் இரு கன்னங்களிலும் சாத்துக்குடித் தோல் மாதிரி சின்னச் சின்னக் குழிகள்! அவ்வளவுதான், அன்றைக்குக் கல்யாணச் சாப்பாடு ருசிப்பதில்லை.

அந்தக் குழிகள் வியாதி அல்ல. அவை ரோமத் துவாரங்கள். முகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தில் 400 முதல் 900 வரை எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. அவை சுரக்கும் எண்ணெய் இந்தத் துவாரங்கள் வழியாகத்தான் வெளியே வந்து சருமம் வறளாமல் காக்கிறது. துவாரமே இல்லாத முகம் பொம்மைக்குத்தான் உண்டு.

சிலருக்கு மட்டும் அவை பெரிதாகத் தெரிவானேன்? முதல் காரணம், பரம்பரை. இரண்டாவது, பருவ வயதில் பெருகும் எண்ணெய்ப் பசை. மூன்றாவது, வயதும் வெயிலும். துவாரத்தைச் சுற்றி இழுத்துப் பிடித்திருக்கும் சருமம் தளர்ந்தால், சுருக்குப் பையின் கயிறு தளர்ந்த கதைதான்.

"ஆவி பிடித்தால் துவாரம் திறக்கும், ஐஸ் வைத்தால் மூடிக் கொள்ளும்" என்று சொல்லாத வீடு இல்லை. திறந்து மூட அது என்ன கதவா? அதன் வாயில் அதற்கான தசையே கிடையாது. ஆவியில் உள்ளிருக்கும் அழுக்கு சற்று இளகும். சூடு மிஞ்சினால் முகம் வெந்து போகும். ஐஸ் தரும் இறுக்கமோ காப்பி ஆறுகிற நேரம்கூட நிற்காது.

எலுமிச்சம் பழத்தைத் தேய்த்துக் கொள்கிறவர்களும் உண்டு. அந்தச் சாற்றோடு வெயிலில் போனால் சருமம் புண்ணாகிக் கறுத்துப் போகலாம். நகத்தால் பிதுக்குவதும் வேண்டாம். பிதுக்கிய இடம் மறுபடி நிரம்பிவிடும், தழும்போ தங்கிவிடும்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. மருந்துக் கடையில், "முகம் பளபளவென்று ஆக ஏதாவது கொடுங்கள்" என்று கேட்டு வாங்கும் களிம்பு! பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என்ற பெயர்களில் ஏதேனும் ட்யூபில் இருந்தால் அது ஸ்டீராய்டு மருந்து. முதலில் முகம் மினுமினுக்கும். மாதங்கள் போகப் போகச் சருமம் மெலியும், சிவந்த நரம்புகள் தெரியும், பருக்கள் கிளம்பும், பெண்கள் முகத்தில் ரோமம் வளரும். நிறுத்தினாலோ ஒரே எரிச்சல்! இத்தகைய களிம்புகள் பலவற்றை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-இல் உத்தரவிட்டது. ஏற்கெனவே தடவி வருகிறவர்கள் தாமாக நிறுத்தாமல், சரும டாக்டரைக் கண்டு யோசனை கேட்பது நல்லது.

அப்படியானால் என்னதான் செய்வது?

காலையிலும் இரவிலும் மிருதுவான சோப்பினால் முகம் கழுவினால் போதும். அடிக்கடி தேய்த்துக் கழுவுவதால் எரிச்சல்தான் மிச்சம்.

தேங்காய் எண்ணெய் தலைக்கு நல்லது. எண்ணெய் வழியும் முகத்துக்கு அல்ல. துவாரத்தை அடைக்கும் குணம் அதற்கு உண்டு.

வெளியே கிளம்புமுன் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத வெயில் தடுப்பு க்ரீம் பூசிக் கொள்ளுங்கள். குடையும் கூடவே வரட்டும்.

2 சதவீதம் வரை சாலிசிலிக் அமிலம் கலந்த முகக் கழுவி உதவும். அந்த அமிலம் எண்ணெயில் கரையும். ஆகவே துவாரத்தின் உள்ளே புகுந்து அடைப்பை இளக்கும்.

இவற்றுக்கும் மசியாவிட்டால், வைட்டமின் ஏ வழி வந்த டிரெட்டினாயின் இருக்கிறது. 1971-இல் அமெரிக்காவில் முகப்பருவுக்கென அங்கீகாரம் பெற்ற மருந்து இது. டாக்டர் சொன்னால் மட்டும், இரவில், ஒரு பட்டாணி அளவு. பலன் தெரிய மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும். கர்ப்பிணிகளும், கர்ப்பம் தரிக்க எண்ணியிருப்பவர்களும் இதைத் தொடக் கூடாது.

இத்தனை செய்தாலும் துவாரங்கள் மறையா. கண்ணுக்குத் தெரிவது குறையும், அவ்வளவே. "ஏழு நாளில் மாயம்!" என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் பணத்தைக் கொடுக்குமுன் இதை நினைத்துக் கொள்ளுங்கள். இன்னொன்று: கண்ணாடியில் மூக்கு இடிக்க நின்று பார்க்கிறவர் நீங்கள் ஒருவர்தான். எதிரே நின்று பேசுகிறவர்கள் பார்ப்பது உங்கள் சிரிப்பைத்தான்.