ஸ்ரெஸ் ரெஸ்ட்: இருதயத்தை நடக்க வைத்துப் பார்க்கும் பரிசோதனை

"நெஞ்சு அடைக்குது, கொஞ்சத் தூரம் நடந்தால் இளைக்குது" என்று ஒரு தாய் சொன்னால், "நெடுக யோசிச்சுக்கொண்டு இருந்தால் அப்பிடித்தான்" என்று பதில் சொல்வது எமது ஊர்களில் வழக்கமாகிவிட்டது. பிள்ளையைத் தேடிக்கொண்டிருப்பவர், கணவனை இழந்து தனியே குடும்பம் சுமப்பவர் என்றால் கேட்கவே வேண்டாம். எந்த நோவுக்கும் 2009ஆம் ஆண்டைக் காரணம் காட்டிவிடுவார்கள். அவரும் அதை நம்பி இரண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்.

கவலை இருதயத்தைத் தாக்காது என்று நாம் சொல்லவில்லை. பெருந்துயரின் பின் இருதயத்தசை திடீரெனத் தளர்ந்துபோகும் ஒரு நோயை ஜப்பானிய வைத்தியர்கள் 1990இல் விபரித்தார்கள். மாதவிடாய் நின்ற பெண்களிடமே அது கூடுதலாகக் காணப்படுகிறது. ஆனால் கவலைப்படும் பெண்ணுக்கும் இரத்தக்குழாய் அடைக்கலாம் அல்லவா? சீனி வருத்தமும் பிரஷரும் கொலஸ்ரரோலும் அவரை விட்டுவைப்பதில்லை. நெஞ்சு நோவு எதனால் வருகிறது என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதைக் கண்டறிய உதவும் வழிகளில் ஒன்றுதான் ஸ்ரெஸ் ரெஸ்ட்.

பெயரைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். இது மனஅழுத்தத்தை அளக்கும் சோதனை அல்ல. இங்கே ஸ்ரெஸ் என்பது இருதயத்துக்குக் கொடுக்கப்படும் வேலைப்பளு. ஆகவே கிளினிக் கொப்பியில் இதை எழுதிவிட்டார்கள் என்பதற்காக, "எனக்கு மனவருத்தம் என்று நினைச்சிட்டினம்" என்று நொந்துபோகத் தேவையில்லை.

வயல் செய்பவர்களுக்கு இதை விளங்கிக்கொள்வது சுலபம். வாய்க்கால் பாதி தூர்ந்து கிடந்தாலும், ஒரு வயலுக்கு மட்டும் தண்ணீர் விடும்போது குறை தெரியாது. எல்லா வயல்களும் ஒரே நேரத்தில் தண்ணீர் கேட்கும்போதுதான் கடைசி வயல் காயும். இருதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்களும் அப்படித்தான். படுத்திருக்கும்போது எடுக்கும் இ.சி.ஜி. நன்றாகவே இருக்கலாம். நடந்து களைக்கும்போது எடுத்தால்தான் குறை வெளிப்படும். 1929இலேயே அமெரிக்காவில் மாஸ்ரர் என்ற வைத்தியர் நோயாளரைச் சிறு படிகளில் ஏறி இறங்கச் செய்து இருதயத்தின் தாங்குதிறனைப் பார்த்தார். பின்னர் அதே நாட்டு வைத்தியர் றொபேட் புரூஸ் ஓடும் பட்டியில் நடக்க வைக்கும் முறையை ஒழுங்குபடுத்தினார். இன்றும் அவர் பெயரிலுள்ள முறையே உலகெங்கும் பரவலாகப் பயன்படுகிறது.

போகும்முன்

பரிசோதனை எந்த வைத்தியசாலையில், எத்தனை மணிக்கு என்பதைக் கடிதத்தில் சரியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வைத்தியசாலைகளிலிருந்து யாழ்ப்பாணத்துக்கோ அநுராதபுரத்துக்கோ போகும்படி சொல்லக்கூடும். விடிய வெளிக்கிட வேண்டுமென்றால் ஒருவரைத் துணைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

இரண்டு மூன்று மணித்தியாலம் முன்பாகவே இலேசாகச் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். அன்று தேநீர், கோப்பி, புகையிலை போட்ட வெற்றிலை வேண்டாம். சீனி வருத்தத்துக்கு ஊசியோ குளிசையோ எடுப்பவர்கள் அன்று எப்படி எடுப்பது, எப்போது சாப்பிடுவது என்பதை முதலே கேட்டுக்கொள்ள வேண்டும். அற்றினலோல் போன்ற, இருதயத்துடிப்பைக் குறைக்கும் குளிசைகளைச் சிலவேளை முன்கூட்டியே நிறுத்தச் சொல்வார்கள். சொன்னால் மட்டும் நிறுத்துங்கள். தானாக நிறுத்துவது ஆபத்து.

சேலையோடு ஓடும் பட்டியில் நடப்பது சிரமம். சுடிதாரும் காலைப் பிடித்து நிற்கும் சப்பாத்தும் நல்லது. நெஞ்சில் பசைத்துண்டுகள் ஒட்டி வயர்கள் பூட்டுவார்கள் என்பதால் மேற்சட்டையை விலக்க நேரும். இது பலருக்கும் கூச்சமான விடயம். போரின்போதும் பின்னரும் உடற்சோதனைகளில் அவமானப்பட்ட பெண்களுக்கு அது இன்னும் கடினம். பெண் தாதி ஒருவர் கூட இருக்க வேண்டும், திரை போட வேண்டும் என்று கேளுங்கள். அப்படிக் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை.

உள்ளே என்ன நடக்கும்?

முதலில் பிரஷர் பார்த்து, ஓய்வாக இருக்கும்போது ஒரு இ.சி.ஜி. எடுப்பார்கள். பின்னர் பட்டியில் ஏறி நடக்க வேண்டும். தொடக்கம் மெதுவானது, மணிக்கு 2.7 கிலோமீற்றர். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். தண்ணீர்க் குடத்தோடு மேடு ஏறிப் பழகியவர்கள் தொடக்கத்தைக் கண்டு பயப்பட மாட்டார்கள். மூன்றாவது கட்டத்தில் மூச்சு வாங்கும். 220 இலிருந்து வயதைக் கழித்து, வருவதில் 85 வீதத்தை இருதயத்துடிப்பு எட்டுகிறதா என்று பார்ப்பார்கள். ஐம்பது வயதுப் பெண்ணுக்கு அது ஏறத்தாழ 145. நடப்பது பெரும்பாலும் பத்து நிமிடத்தைச் சுற்றித்தான். ஆயத்தத்தோடும் பின்னர் இளைப்பாறுவதோடும் ஒரு மணித்தியாலம் வரை ஆகலாம்.

நெஞ்சு நோ, தலைச்சுற்று, தாங்க முடியாத இளைப்பு எது வந்தாலும் உடனே சொல்லுங்கள். "கடைசி வரைக்கும் நடந்தால்தான் பாஸ்" என்று பல்லைக் கடிக்க வேண்டாம். எந்த இடத்தில் நோவு வந்தது என்பதே வைத்தியருக்கு வேண்டிய தகவல். ஆபத்து மிகக் குறைவு. ஏதும் நடந்தால் சமாளிக்க வைத்தியரும் கருவிகளும் பக்கத்திலேயே இருக்கும்.

காயப்பட்டவர்கள்

உடம்பில் செல் துண்டு இருக்கிறது என்று பயப்படுபவர்கள் உண்டு. இந்தப் பரிசோதனையில் காந்தம் எதுவும் இல்லை, துண்டுகளால் தீங்கு வராது. ஆனால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கால் இழந்தவர்கள், முதுகில் காயப்பட்டவர்கள் நடக்க முடியாது என்பதால் சோதனை இல்லை என்று எண்ண வேண்டாம். டோபியூற்றமின் போன்ற மருந்தை ஏற்றி இருதயத்தை வேகமாகத் துடிக்க வைத்து, ஸ்கான் மூலம் பார்க்கும் முறை உண்டு. எல்லா வைத்தியசாலைகளிலும் அது இருக்காது. என்றாலும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

முடிவு எப்படி வரும்?

"பொசிற்றிவ்" என்றால் குழாய் அடைத்துவிட்டது என்று அர்த்தமல்ல. பெண்களிடம், அடைப்பு இல்லாமலே இ.சி.ஜி. மாறிக் காட்டுவது ஆண்களைவிடக் கூடுதல். அதனால்தான் அடுத்ததாக ஸ்கானோ அஞ்சியோகிராமோ செய்யச் சொல்வார்கள். "நெகற்றிவ்" என்று வந்தாலும் பிரஷர், சீனி கிளினிக்கை விட்டுவிட முடியாது. நோ தொடர்ந்தால் திரும்பவும் போக வேண்டும். பெண்களுக்கு நோவு எப்போதும் இடது நெஞ்சிலேயே வருவதில்லை. தாடை, முதுகு, மேல்வயிறு, காரணமில்லாத களைப்பு என்றும் வரும். "வாய்வு" என்று தள்ளிவிடுவது இதைத்தான்.

இருக்கும்போதே நெஞ்சு இறுகி, வேர்த்து, கால்மணி நேரமாகியும் குறையாவிட்டால் பரிசோதனைத் திகதிக்காகக் காத்திருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். 2018 முதல் வடக்கிலும் இயங்கும் இந்த அம்புலன்சுக்குப் பணம் கட்டத் தேவையில்லை. ஏற்கெனவே செய்த பரிசோதனையின் அறிக்கை இருந்தால் கிளினிக் கொப்பியோடு ஒரு பையில் போட்டு, வீட்டில் மற்றவர்களுக்கும் தெரிந்த இடத்தில் வைத்துவிடுங்கள்.